காசிக்குப் போகாத பத்து நாள்

எங்கள் அலுவலகத்தில் காசிக்குப் போகாமலே காசிக்குப் போய் வந்தவர்கள் நாலைந்து பேர் உண்டு. மத்திய அரசு அலுவலகம், பெயர் வேண்டாம். நாலு வருடத்துக்கு ஒரு முறை குடும்பத்தோடு இந்தியாவில் எங்கு வேண்டுமானாலும் போய் வரலாம், ரயில் சார்ஜை சர்க்கார் கொடுக்கும் என்று ஒரு சலுகை வந்திருந்தது. முன்பணமும் தருவார்கள். வசதியுள்ளவன் போனான். இல்லாதவன் முன்பணத்தை வாங்கி வீட்டுச் செலவுக்கு வைத்துக்கொண்டு, பத்து நாள் லீவில் மாமியார் வீட்டில் சாப்பிட்டுவிட்டு, டிக்கெட் நம்பரை எங்கிருந்தாவது பிடித்து பில்லில் எழுதிக் கொடுத்தான். அந்த பில்களைச் சரிபார்க்கிற நாற்காலி என்னுடையது. எது பொய் என்று பார்த்தவுடனேயே தெரியும். ஊரோடு ஒத்து வாழ் என்று கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன்.

என் பக்கத்து மேஜைக்காரர் கைலாசநாதன் அந்த ரகம் இல்லை. பதினாறு வருட சர்வீஸில் ஒரு நாள் தாமதமாக வந்ததில்லை. ஆபீஸ் தாளில் சொந்தக் கணக்கு ஒன்று போட்டுவிட்டார் என்பதற்காக மறுநாள் கடையில் தாள் வாங்கி வந்து அடுக்கில் வைத்த மனிதர். எங்களுக்கெல்லாம் அது சிரிப்பு. ‘அரிச்சந்திரன் வீட்டுக்குப் பக்கத்து வீடு’ என்று கிண்டல் செய்வோம். அப்படிப்பட்டவருக்குப் பொய் சொல்லக் கற்றுக் கொடுத்தவன் நான்தான். இதை எழுதுவதே அதை ஒப்புக்கொள்ளத்தான்.

அவர் நிஜமாகவே காசிக்குப் போக இருந்தார். அவரும் மனைவி சாவித்ரியும் நாலு வருடமாகப் போட்ட திட்டம். 77 டிசம்பரோடு சலுகை காலாவதி. நவம்பர் பதினெட்டாம் தேதி ரயில் ஏறுவதாக லீவு எழுதிக் கொடுத்து முன்பணமும் வாங்கிவிட்டார். கடலை எண்ணெய் விலை கேட்டாலே மயக்கம் வருகிற வருடம் அது. அந்த நேரம் பார்த்து வீட்டுக்காரர் அட்வான்ஸை இரண்டு மடங்காக்கினார். கொடு, இல்லையென்றால் காலி செய் என்றார். காசிப் பணம் வீட்டுக்காரர் கைக்குப் போனது.

“தவசி, பயணத்தை ரத்து பண்ணிட்டேன்னு எழுதிக் கொடுத்துடறேன்” என்றார் என்னிடம்.

“எழுதிக் கொடுத்தா முன்பணத்தை மொத்தமா கட்டணும் சார். எதை வச்சுக் கட்டுவீங்க?”

நானே வழி சொன்னேன். செக்கானூரணி தாண்டி எங்கள் தோட்டத்தில் பம்புசெட் அறை ஒன்று இருக்கிறது. பத்து நாள் அங்கே இருங்கள், பிறகு வந்து காசியைப் பார்த்தோம் என்று சொல்லுங்கள், பில் என் மேஜைக்குத்தானே வரப்போகிறது என்றேன்.  சரி என்று தலையை ஆட்டினார். என் அதிமேதாவித்தனத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு என் மேலேயே கோபம் வருகிறது.

அவருக்கு ஒரு அண்ணன். ஹாலாஸ்யம் என்று பெயர். வண்டியூர் தெப்பக்குளம் பக்கம் குடியிருந்து வீடு வீடாகப் புரோகிதம் செய்பவர். குழந்தைகள் இல்லை. தம்பியின் பெண்ணும் சின்னவன் சொக்குவும்தான் அவருக்கு உலகம். அவரிடம் உண்மையைச் சொல்லிவிடலாமா என்று கைலாசநாதன் கேட்டபோது நான் வேண்டாம் என்றேன். பொய் சொல்லத் தெரியாத மனிதர், ஒரே நாளில் தெப்பக்குளம் நாலு கரைக்கும் தெரிந்துவிடும் என்பது என் பயம். ஆக, ஹாலாஸ்யம் வெள்ளிக்கிழமை மாலை ரயிலடி வரை வந்து வழியனுப்புவேன் என்று அடம்பிடித்ததும், அவருக்கு அன்று ஒரு சீமந்தம் அமைந்து நாங்கள் தப்பித்ததும் நடந்தது. அன்று நான் அந்தச் சீமந்தக்காரரை மனதுக்குள் வாழ்த்தினேன்.

சனிக்கிழமை நான் தோட்டத்துக்குப் போனபோது கைலாசநாதன் குழந்தைகளுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். ஊர் வந்ததும் யாராவது கேட்டால் சொல்வதற்கு.

“கிருஷ்ணா நதிப் பாலம் வந்தப்போ என்ன பண்ணினோம்?”

“காசு போட்டோம்பா” என்றான் சொக்கு.

“எத்தனை காசு?”

“அஞ்சு பைசா. அக்கா பத்து பைசா.”

அடுப்பு ஊதிக்கொண்டிருந்த சாவித்ரி முகத்தைத் திருப்பிக்கொண்டார். சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. எனக்கு மட்டும் ஏமாற்று வேலை நன்றாக நடக்கிறதே என்று திருப்தி.

அன்று சாயங்காலம்தான் ஆந்திரக் கரையைப் புயல் அடித்தது. மதுரையில் எங்களுக்கு அது திங்கட்கிழமை பேப்பரில்தான் முழுசாகத் தெரிந்தது. கடல் ஊருக்குள் வந்துவிட்டது, தண்டவாளம் பெயர்ந்துவிட்டது, வடக்கே போன வண்டிகள் எங்கே நிற்கின்றன என்று தெரியவில்லை, செத்தவர்களை எண்ணி முடியவில்லை. கைலாசநாதன் கணக்குப்படி சனிக்கிழமை சென்னையில் வண்டி மாறி அந்த வழியாகத்தான் போய்க்கொண்டிருக்க வேண்டும்.

பதினொரு மணிக்கு ஹாலாஸ்யம் அலுவலகத்துக்குள் வந்தார். மேல் துண்டு பாதி தரையில் இழுபட்டது. நேரே சூப்பரிண்டெண்ட் மேஜைக்குப் போய், “ஆபீஸுக்கு ஏதாவது தந்தி வந்துதா சார்? என் தம்பி, கைலாசநாதன்... குழந்தைகளோட போயிருக்கான்” என்றார்.  சூப்பரிண்டெண்ட் எழுந்து அவரை உட்கார வைத்தார். தண்ணீர் கொடுத்தார். சென்னை அலுவலகத்துக்குப் போன் போடுகிறேன் என்றார். ஹாலாஸ்யம் என்னைப் பார்த்தார்.

“தவசி சார், உங்ககிட்டதான் அவன் எல்லாம் சொல்லுவான். எந்த வண்டின்னு சொன்னானா?”

உண்மையைச் சொல்லிவிட இருந்தேன். அவர் தோளுக்குப் பின்னால் சூப்பரிண்டெண்ட் நின்றார். இரண்டு பேர் வேலை, இரண்டு குடும்பம். “சொல்லலையே சாமி” என்றேன்.

“பணம் புரட்டிண்டு நாளைக்கு சாயங்கால வண்டிக்கு நானே போறேன். பெஜவாடா வரைக்கும் போய்ப் பார்த்துடறேன்” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். படி வரை பின்னாலேயே போனேன். கூப்பிடவில்லை. நாளைக்குத்தானே போகிறார், அதற்குள் தம்பியே வந்து சொல்லட்டும், இது அவர்கள் குடும்ப விஷயம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கோழைக்குக் காரணத்துக்கா பஞ்சம்?

சாயங்காலம் காளவாசலில் பஸ் பிடித்துத் தோட்டத்துக்குப் போனேன். பேப்பரைப் படித்துவிட்டு கைலாசநாதன் மோட்டார் மேடையில் உட்கார்ந்துவிட்டார். சாவித்ரி “கிளம்புங்கோ, இப்பவே போய்ச் சொல்லிடலாம்” என்றார். அவர் அசையவில்லை. வேலை போய்விடும், பதினாறு வருடப் பேர் போய்விடும் என்று திரும்பத் திரும்ப அதையே சொன்னார். மறுபடியும் நான்தான் மூளையைக் கசக்கினேன். ‘ஆபீஸுக்குத் தந்தி வந்துவிட்டது, எல்லோரும் பத்திரம்’ என்று நாளைக் காலையில் நானே ஹாலாஸ்யத்திடம் போய்ச் சொல்லிவிடுகிறேன் என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் போனவன், சோறு போதவில்லை என்று இன்னொரு கை அள்ளிப் போட்ட கதை.

செவ்வாய்க்கிழமை விடிந்ததும் சைக்கிளில் தெப்பக்குளம் போனேன். ஹாலாஸ்யத்தின் மனைவி ஸ்யாமளா கதவைத் திறந்தார். கண் இரண்டும் வீங்கியிருந்தது.

“நேத்தே பணம் கிடைச்சுடுத்து. சாயங்கால வண்டிக்கே போயிட்டார்.”

தந்திக் கதையைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் தொடர்ந்தார்.

“வேண்டாம் வேண்டாம்னு கையைப் பிடிச்சு இழுத்தேன். கேட்கலை. பையில தர்ப்பைக் கட்டு, எள்ளு எல்லாம் எடுத்து வெச்சுண்டு போயிருக்கார்.”

தந்திக் கதையையும் சொல்லவில்லை, உண்மையையும் சொல்லவில்லை.  சைக்கிளைத் தள்ளிக்கொண்டே குளக்கரை முழுவதும் நடந்தேன். 

அன்று வேலை முடிந்ததும் தோட்டத்துக்குப் போய் ஸ்யாமளா சொன்னதை அப்படியே சொன்னேன். கைலாசநாதன் மெதுவாகப் பேசினார். “போனவரை நிறுத்த முடியாது. எப்படியும் நாலு நாள்ல திரும்பிடுவார். நாம இருபத்தெட்டாம் தேதி ஊருக்கு வந்தாப்பல வந்துட்டா...”

சாவித்ரி குறுக்கே பேசாத பெண்மணி. அன்று பேசினார்.

“உங்க அண்ணா நம்ம குழந்தைகளுக்குத் தர்ப்பை எடுத்துண்டு போயிருக்கார். நீங்க தேதி பார்த்துண்டிருக்கேள்.”

பாத்திரம் பண்டத்தை அப்படியே போட்டுவிட்டு இரண்டு குழந்தைகளையும் கையில் பிடித்துக்கொண்டு வரப்பில் இறங்கி ரோட்டை நோக்கி நடக்க ஆரம்பித்தார்.  கைலாசநாதன் செருப்புகூடப் போடாமல் பின்னாலேயே ஓடினார்.

தெப்பக்குளம் வீட்டில் கதவு திறந்ததும் ஸ்யாமளா வீறிட்டார். குழந்தைகளைக் கட்டிக்கொண்டு அழுதார். கைலாசநாதன் நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். கேட்டு முடித்ததும் ஸ்யாமளா குழந்தைகளை உள்ளே கூட்டிப் போய்ச் சாதம் போட்டார். சாவித்ரிக்கும் போட்டார். கொழுந்தனுக்கு இலை போடவில்லை. அவரும் கேட்கவில்லை.

அக்கம்பக்கத்தில் சென்னையோடு திரும்பிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டார்கள். சிலர் வந்து குழந்தைகளுக்குத் திருஷ்டி கழித்தார்கள். அலுவலகத்துக்குக் கைலாசநாதன் இன்னும் போகவில்லை. நானும் அங்கே வாயைத் திறக்கவில்லை. லீவு இருபத்தெட்டு வரை இருக்கிறதே. இப்போது அவருக்கு வேலையைப் பற்றிய கவலை விட்டுப்போயிருந்தது. அண்ணன் எங்கே என்பதுதான் கவலை. புதன் போனது, வியாழன் போனது. அங்கே காலரா பரவுகிறது என்று பேப்பரில் போட்டிருந்தான். விழாமல் இருக்கிற தந்திக் கம்பத்தில்கூடக் கம்பி இல்லை என்று போட்டிருந்தான். கடுதாசி போடக்கூட விலாசம் கிடையாது. விஜயவாடா ஸ்டேஷன் மாஸ்டருக்கு அனுப்பிய தந்திக்குப் பதில் இல்லை. கைலாசநாதன் தினமும் காலையில் ரயிலடிக்குப் போய், சென்னை வண்டியிலிருந்து கடைசி ஆள் இறங்கும் வரை நின்றுவிட்டுத் திரும்பினார். ஞாயிற்றுக்கிழமை நானும் கூடப் போனேன். திரும்பி வரும்போது, “அவருக்கு ஏதாவது ஆயிடுத்துன்னா கொள்ளி வைக்கிற யோக்கியதைகூட எனக்குக் கிடையாது தவசி” என்றார்.  அவரைத் தேற்றுகிற யோக்கியதை எனக்கும்தான் கிடையாது.

இருபத்தெட்டாம் தேதி திங்கட்கிழமை. மறுநாள் அவர் வேலையில் சேர வேண்டும், பில் கொடுக்க வேண்டும். என்ன செய்வது என்று கேட்கக் காலை ஆறு மணிக்கே ஆபீஸ் பையோடு, அவர்கள் எல்லோரும் தங்கியிருந்த தெப்பக்குளம் வீட்டுக்குப் போனேன். கைலாசநாதன் ரயிலடிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். வாசலில் ஒரு குதிரை வண்டி வந்து நின்றது.

இறங்கியவரை எனக்கு அடையாளம் தெரியவில்லை. ஒரு வாரத் தாடி, காவியேறிய வேட்டி. ஹாலாஸ்யம். வாசலில் நின்ற தம்பியைப் பார்த்தார். அவர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. ஏதோ தெருவில் போகிறவரைப் பார்க்கிற மாதிரி தாண்டி உள்ளே போனார். கூடத்தில் குழந்தைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். சொக்கு குப்புறப் படுத்திருந்தான். அவர் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அவன் தோளைப் பிடித்து மெதுவாகத் திருப்பினார். முகத்தை உற்றுப் பார்த்தார். பிறகு பெண்ணைத் திருப்பினார். அவள் முகத்தையும் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

“இப்படித்தான்... ஒவ்வொண்ணா” என்றார் யாரையும் பார்க்காமல். “அஞ்சு வயசு இருக்கும்னு தோணினா திருப்பிப் பார்ப்பேன். எல்லாம் நம்ம குழந்தை மாதிரியே இருந்தது.”

கைலாசநாதன் அவர் காலில் விழுந்தார். முன்பணம், வீட்டுக்காரர், பம்புசெட், பில், நான், எல்லாவற்றையும் விழுந்த நிலையிலேயே சொன்னார். ஹாலாஸ்யம் குறுக்கிடாமல் கேட்டார்.

“அப்போ நீங்க ரயில்லயே ஏறலையா?”

“ஏறலை அண்ணா.”

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாயிருக்கும்.  அவர் இடுப்பு முடிச்சை அவிழ்த்து, ஈரத்தில் ஊறிக் காய்ந்த ஒரு ரயில் டிக்கெட்டை எடுத்து என்னிடம் நீட்டினார்.

“அங்கே ஸ்டேஷன்ல இதை வாங்கிக்க ஆள் இல்லை தவசி சார். பில்லுக்கு நம்பர் வேணும்னு சொல்லுவேளே, இது ஆகுமா பாருங்கோ. இவன் வேலை போயிடப் படாது.”

அவர் குத்திக் காட்டவில்லை. நிஜமாகவே கேட்டார். என் கை நீளவில்லை.

கைலாசநாதன் எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். டிக்கெட்டை அண்ணன் கையிலேயே மூடி வைத்தார்.

“தவசி, ஒரு வெள்ளைத்தாள் கொடுங்கோ. நடந்ததை எழுதிக் கொடுத்துடறேன்.”

பையைத் திறந்து இரண்டு தாள் எடுத்தேன். ஒன்றை அவரிடம் கொடுத்துவிட்டு, இன்னொன்றில் என் பெயரை எழுதினேன்.