கனடாக் கல்யாணத்துக்கு நான் கொடுத்த ‘மறைவு’

1. டீ கிளாஸ் கைநழுவிய காலை

“இன்னாயா இது, பாவம்! சின்ன வயசுப் பொண்ணு. எப்போ செத்துப் போச்சி?”

என் மனைவி கஸ்தூரி இப்படிக் கேட்டபோது நான் கடை ஷட்டரைத் தூக்கிவிட்டு, மெஷினுக்குப் புது பிளேடு மாட்டிக்கொண்டிருந்தேன். அவள் ஒரு கையில் எனக்கு டீ, இன்னொரு கையில் என் போன்.

“எந்தப் பொண்ணு?”

“தோ, பல்லக் காட்டிகினு நிக்குதே வெள்ளக்காரப் பொண்ணு. பக்கத்துல ஒரு பையன் கீறான். நம்மூர்ப் புள்ள மாதிரி கீறான்.”

டீயையும் போனையும் வாங்கி, போனைப் பார்த்தேன். டீ கிளாஸ் கையிலிருந்து நழுவி மெஷின் மேலேயே கொட்டியது. அதைத் துடைக்கக்கூடத் தோன்றவில்லை.

நான் உட்கார்ந்து வரைந்த ஃப்ரேம் அது. இரண்டு பக்கமும் இரண்டு அன்னம், மேலே கொடி வளைவு, நடுவில் போட்டோ. கீழே இடது பக்கம் ‘தோற்றம்’, வலது பக்கம் ‘மறைவு’. இறந்தவர் படத்துக்கு நம் ஊரில் போடுவோமே, பிறந்த தேதிக்கு ஒரு கட்டம், இறந்த தேதிக்கு ஒரு கட்டம், அந்த ஃப்ரேம். கனடாவில் இருக்கும் ஜெரால்டு என்பவர் அதைக் கறுப்பு வால்நட் மரத்தில் அறுத்து, பாலிஷ் போட்டு, நடுவில் ஒரு ஜோடியின் போட்டோவை வைத்திருந்தார். தேதி போட வேண்டிய கட்டங்களில் பெயர்கள். ‘தோற்றம்’ கீழே பையன் பெயர், அருண். ‘மறைவு’ கீழே பெண் பெயர், எமிலி.

படத்தோடு நாலு வரி எழுதியிருந்தார். போனில் இருக்கும் மொழிபெயர்ப்பு ஆப்பில் போட்டுப் படித்தேன். “என் மகளின் திருமணம் சனிக்கிழமை. மணமகன் குடும்பம் தமிழ்க் குடும்பம். வரவேற்பு மேடையில் வைக்கப் போகிறேன். அவர்கள் மொழியில் ஒரு பரிசு கொடுத்து அசத்த வேண்டும். மணமகனுக்கே தெரியாது, ரகசியம். வடிவம் தந்த இந்தியா மாஸ்டருக்கு நன்றி.”

இந்தியா மாஸ்டர் நான்தான். அன்று வியாழக்கிழமை.

2. நான் யார் என்று தெரியாதவர்களுக்கு

படிப்பு ஐந்தாம் வகுப்பு. அதற்கு மேல் போயிருந்தால் ஏதாவது ஆபீசில் ஃபைல் தூக்கிக்கொண்டிருப்பேன். ஆரணியில் எல்லோரும் தறியில் உட்கார்ந்தபோது நான் தறிக்கு மரம் அறுத்தேன். பிறகு ஸ்க்ரோல் சா வாங்கினேன். தையல் மெஷின் ஊசி மாதிரி மெல்லிய பிளேடு மேலும் கீழும் ஆடும். பலகையை நாம் திருப்பித் திருப்பிக் கொடுத்தால் கொடியும் பூவும் விழும். எனக்கு எவனும் சொல்லித்தரவில்லை. இன்று ஊரில் பெரிய வீடு எதையாவது காட்டுங்கள், வாசலில் தொங்கும் பெயர்ப் பலகை என் கை அறுத்ததாக இருக்கும். பட்டுப் புடவைக் கரையில் இருக்கிற அன்னத்தைப் பலகைக்குக் கொண்டுவந்த முதல் ஆள் நான். இரண்டாவது ஆள் இன்னும் வரவில்லை.

மர வேலைக்காரர்களுக்கு இன்டர்நெட்டில் ஒரு குழு இருக்கிறது. உலகம் முழுக்க ஆட்கள். அதில் பேட்டர்ன் போடுவார்கள். பிடித்தவர்கள் பிரின்ட் எடுத்துப் பலகையில் ஒட்டி அறுத்துக்கொள்ளலாம். நானும் ஜெராக்ஸ் கடையில் ஸ்கேன் செய்து போட ஆரம்பித்தேன், எல்லாம் இலவசம். வெள்ளைக்காரன் என் கோட்டின் மேல் பிளேடு ஓட்டுகிறான் என்றால் சும்மாவா!

இந்த ஃப்ரேம், காலமான ஒரு தறிக்காரருக்காக நான் செய்தது. அதில் எழுத்துதான் விசேஷம். மேலே ஒரு பட்டி, கீழே ஒரு பட்டி, நடுவில் எழுத்துகள் நிற்கும். ‘ற்’ தலையில் இருக்கிற புள்ளி எதிலும் ஒட்டாது, அறுத்தால் கீழே விழுந்துவிடும். அதை மேல் பட்டியிலிருந்து முடி போல மெல்லிய ஒரு மரப் பாலம் விட்டுத் தொங்கவிட்டேன். அந்த எழுத்து வேலையை நீக்கிவிட்டுப் போட மனம் வரவில்லை. அப்படியே குழுவில் போட்டேன். தலைப்பு: ‘போட்டோ ஃப்ரேம், இரண்டு அன்னம்’.

அப்போதே ஜெரால்டு கேட்டிருக்கிறார். பழைய கமென்டைத் தேடிப் பார்த்தேன்.

“இது தமிழா?”

“நூற்றுக்கு நூறு தமிழ்” என்று பதில் போட்டிருக்கிறேன்.

“நல்ல வார்த்தைகள்தானே?”

அவர் என் எழுத்து அழகைக் கேட்கிறார் என்று நினைத்து, “இதைவிட நல்லதாக ஆரணி முழுக்கத் தேடினாலும் கிடைக்காது” என்று எழுதியிருக்கிறேன்.

கஸ்தூரி இதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்த பார்வையை நான் இங்கே எழுத முடியாது.

3. எந்த மாடு?

“ஜல்தியா சொல்லுய்யா அந்த ஆளுக்கு! பொண்ணப் பெத்தவரு. சம்பந்தி வீட்டு ஜனம் மேடையில அதப் பாத்தா இன்னா நெனைக்கும்? வந்த மொத நாளே மருமகளுக்கு மறைவுன்னு போர்டு!”

எனக்கு இங்கிலீஷ் வராது. ஆப்பில் வாயால் சொன்னால் அதுவே மாற்றி அனுப்பும். போனை வாய்க்கு நேராகப் பிடித்துக் கத்தினேன்.

“ஜெரால்டு, அத்த மாட்டாத! மேடையில மாட்டாத!”

பதில் வந்தது. ஆப் அதைத் தமிழாக்கிக் காட்டியது: “மாடு எதுவும் இல்லையே. நான் வாத்துகளை மட்டும்தான் அறுத்தேன்.”

எனக்கு இரட்டை ஷாக். ‘மாட்டாத’ என்றதை மாடு என்று எடுத்துக்கொண்டது ஆப். அது போகட்டும். என் அன்னத்தை இத்தனை நாளாக வாத்து என்றா நினைத்துக்கொண்டிருந்தார்கள்?

“வாத்தா! யோவ், அது அன்னம்யா!”

“அன்னம் இப்ப ரொம்ப முக்கியம் பாரு” என்றாள் கஸ்தூரி. “பொண்ணு விஷயத்தச் சொல்லு.”

சொன்னேன். “அது செத்தவங்களுக்குப் போடறது.” அவர் அனுப்பிய பதில்: “ஆமாம், இதைச் செய்து முடிப்பதற்குள் நானும் செத்தே போனேன்.” சிரிக்கும் பொம்மை ஒன்று.

4. பெஞ்சில் படுத்தேன்

வேறு வழியில்லாமல் வீடியோ கால் போட்டேன். அங்கே புதன்கிழமை சாயங்காலம். ஜெரால்டு அவருடைய பட்டறையில் நின்றிருந்தார். என் வயசு ஆள், தாடி, ஏப்ரன். என்னைப் பார்த்ததும் இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டார். பின்னால் அந்த ஃப்ரேம் ஈரப் பாலிஷில் பளபளத்தது.

கடையில் ஒரு ஆர்டர் ஃப்ரேம் தயாராக இருந்தது, ஒரு பெரியவர் படம் போட்டு, மாலையோடு. அதை எடுத்து கேமராவுக்கு நேராகப் பிடித்தேன். ‘மறைவு’ என்ற எழுத்தின் மேல் விரலால் தட்டினேன். அவர் மகிழ்ந்துபோய்க் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்.

“புரியலியே இவுருக்கு!” என்றேன்.

பிறகுதான் அந்தக் காரியம் செய்தேன். போனைக் கஸ்தூரி கையில் கொடுத்தேன். பாலிஷ் தேய்க்க வைத்திருந்த பஞ்சில் இரண்டு உருண்டை கிள்ளி மூக்கில் வைத்துக்கொண்டேன். வேலை பெஞ்சில் நீட்டிப் படுத்து, கால் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்து, கையை மார்பில் வைத்துக் கண்ணை மூடினேன். வயிற்றின் மேல் அந்த மாலை போட்ட படம்.

“யோவ்! எழுந்துரு! நான் பொட்டு வெச்சிகினு குத்துக்கல்லாட்டம் நிக்கறப்ப நீ பொணமாட்டம் படுக்கிறியா! அபசகுனம் புடிச்ச மனுசா!” கஸ்தூரி நிஜமாகவே அழுதுவிட்டாள்.

அந்த அழுகைதான் வேலை செய்தது. ஒரு கண்ணைத் திறந்து பார்த்தேன். ஜெரால்டின் முகம் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது. அவர் மெதுவாகத் திரும்பி ஃப்ரேமைப் பார்த்தார். மகள் பெயருக்கு மேலே இருந்த வார்த்தையை விரலால் தொட்டு, என்னைப் பார்த்து, பெஞ்சில் படுத்திருந்த என் பிணத்தைக் காட்டி, ‘இதுவா?’ என்பதுபோலத் தலையாட்டினார்.

நானும் படுத்தபடியே தலையாட்டினேன்.

அவர் அப்படியே மரத்தூள் மேல் உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து ஒரு சுத்தியலை எடுத்தார்.

5. முதல் எழுத்து மட்டும்

“வாணாம்! வாணாம்!” என்று நானும் கஸ்தூரியும் ஒன்றாகக் கத்தினோம். ‘வாணாம்’ எந்த ஆப்பும் இல்லாமலே அவருக்குப் புரிந்தது. சுத்தியல் அந்தரத்தில் நின்றது.

புதிதாக அறுக்க நாள் இல்லை. அந்த மாதிரி வேலையை உடைக்க விடவும் எனக்கு மனம் வரவில்லை. பேப்பர் எடுத்தேன். தோற்றம், மறைவு. இரண்டையும் எழுதிவைத்துக்கொண்டு முறைத்தேன். எழுத்துகள் பட்டிக்கு நடுவில்தானே நிற்கின்றன? எதை வேண்டுமானாலும் வேரோடு அறுத்து எடுத்துவிட்டு, அந்தச் சந்தில் வேறு எழுத்தை ஒட்டலாம். ஆனால் எதை?

“தோ-வ எடுத்துட்டா ‘ற்றம்’ நிக்குது” என்றேன். “குற்றம்? சீ. சுற்றம்?”

“ஏற்றம்” என்றாள் கஸ்தூரி. மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னாள்.

உடனே பேப்பரில் எழுதினேன். அடுத்தது எனக்கே வந்தது. இதில் அவளுக்குப் பங்கு கிடையாது. ம-வை எடுத்தால் ‘றைவு’. முன்னால் நி. நிறைவு!

துக்க ஃப்ரேமுக்கும் கல்யாண ஃப்ரேமுக்கும் நடுவில் பக்கத்துக்கு ஒரே ஒரு எழுத்துதான் நிற்கிறது. இத்தனை வருஷம் எத்தனையோ பேருக்கு ‘மறைவு’ அறுத்திருக்கிறேன், இது என் கண்ணில் பட்டதே இல்லை.

வரைந்தேன். ‘தோ’ இருந்த இடம் அகலம், ‘ஏ’ ஒல்லி. மிச்ச இடத்தில் ஒரு மொட்டு வைத்தேன். ‘ம’ இருந்த இடம் குறுகல், ‘நி’ அடங்கவில்லை. அதன் கொக்கியை மேல் பட்டியைத் தாண்டி வளையவிட்டு, அன்னத்தின் வாலோடு சேர்த்தேன். படம் எடுத்து அனுப்பினேன். இந்தத் தடவை ரேடியோவில் செய்தி வாசிப்பவர் மாதிரி நின்று நிதானமாகப் பேசினேன்: “முதல் எழுத்தை மட்டும் நீக்கவும். புதிய எழுத்தை ஒட்டவும். இதன் பொருள் உயர்வு. அதன் பொருள் நிறைந்த வாழ்வு.” ஆப்புக்குப் புத்தகத் தமிழ்தான் பிடிக்கிறது.

வெள்ளிக்கிழமை காலையில் படம் வந்தது. ‘ஏற்றம்’ அருண். ‘நிறைவு’ எமிலி. ஒட்டு எங்கே என்று நானே தேட வேண்டியிருந்தது. கெட்டிக்காரர், என் அளவு இல்லை என்றாலும்.

கல்யாணம் முடிந்து ஒரு வீடியோவும் அனுப்பினார். மேடையில் மாப்பிள்ளையின் அப்பா ஃப்ரேமைப் பார்த்து நின்றுவிட்டார். எழுத்துக் கூட்டுவதுபோல உரக்கப் படித்தார். பிறகு மருமகள் தலையில் கை வைத்து, “நிறைவும்மா. எங்க வீட்டுக்கு நீதான் நிறைவு” என்றார். அவளுக்கு ஒரு வார்த்தைகூடப் புரிந்திருக்காது. ஓரத்தில் ஜெரால்டு கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அந்த இடத்தில் முன்பு என்ன வார்த்தை இருந்தது என்று அங்கே அவருக்கு மட்டும்தான் தெரியும்.

ஜெரால்டு அனுப்பிய ஃப்ரேம் படத்தை நான் பெரிதாகப் பிரின்ட் எடுத்துக் கடைச் சுவரில் மாட்டினேன். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் கதை சொன்னேன்.

6. வாத்தியார் கொடுத்த ஷாக்

இதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஒரு நாள் ஜினதாஸ் வாத்தியார் வந்தார். பக்கத்துக் கிராமத்துச் சமணக் குடும்பம், தமிழ் வாத்தியாராக இருந்து ரிட்டையர் ஆனவர். அவருடைய அம்மா காலமாகியிருந்தார், படத்துக்கு ஃப்ரேம் வேண்டும். சுவரில் இருந்த கனடாப் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“மேஸ்திரி, எனக்கும் இதே மாதிரி போட்டுடுங்க. தோற்றம் இருக்கட்டும், மறைவு வேணாம். நிறைவுன்னே போடுங்க.”

“ஐயோ சார்! அது கல்யாண வார்த்தைங்க!”

“யாரு சொன்னா? நிறைவு விழான்னா இன்னாங்க? கடைசி நாள் விழா. கூட்டம் முடியறப்ப நிறைவுரைன்னுதான பேசறாங்க? முடிஞ்சிபோச்சின்னும் அர்த்தம் உண்டு.”

அப்படியே பெஞ்சில் உட்கார்ந்தேன். முடிஞ்சிபோச்சா? மறைவை எடுத்துவிட்டு அந்தப் பெண்ணின் தலைக்கு மேலே மறுபடியும் முடிவையா ஒட்டினேன்? போனைத் தேடினேன். மறுபடியும் பஞ்சு வைத்துக்கொண்டு படுக்க வேண்டுமோ என்று ஒரு கணம் தோன்றியது.

கஸ்தூரி போனைப் பிடுங்கிக்கொண்டாள். “சும்மா கெட. அந்த மாமனாரு தமிழ் படிச்சவரு தான? அவரு வாயால இன்னா சொன்னாரு? நீதான் நிறைவுன்னாரு. அவ்ளோதான். அங்க அதுக்கு அந்த அர்த்தம்.”

வாத்தியாரும் தலையாட்டினார். “கஸ்தூரியம்மா சொல்றது கரெக்ட். எங்கம்மா தொண்ணூறு தாண்டி, பேரன் பேத்தியெல்லாம் பாத்து, நெறஞ்சிதான் முடிஞ்சாங்க. எனக்கு ரெண்டு அர்த்தமும் வேணும்.”

அதே பேப்பரை எடுத்தேன். பலகையில் ஒட்டி, ஓட்டை போட்டு, பிளேடை நுழைத்தேன். கனடாவுக்குப் போன அதே ‘நி’, அதே வளைவு. அந்தக் கொக்கியைத் திருப்பும்போது மட்டும் பலகை கையில் கனத்தது.

தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். பூவையும் கொடியையும் கண்ணை மூடிக்கொண்டு கொடுங்கள். வாத்து என்று நினைத்தாலும் பரவாயில்லை. வார்த்தை இருக்கிற பேட்டர்னை மட்டும், எங்கே தொங்கப் போகிறது என்று கேட்காமல் கொடுக்காதீர்கள். நான் இப்போது தவறாமல் கேட்கிறேன். யாராவது என் எழுத்தை எடுத்தால் உடனே எழுதுவேன்: “எங்க மாட்டப் போறீங்க?”

போன வாரம் பிரேசிலிலிருந்து ஒருவர் பதில் போட்டார். அவருக்கு நாற்பது மாடு இருக்கிறதாம்.