கதவுக்கு வெளியே நின்ற குரல்

இரண்டாம் உலக யுத்தம் நடந்த வருஷங்களில் கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஒரு மண்டபத்தில் நாங்கள் பேய்க்கதைகள் போட்டோம். பழைய இங்கிலீசுக் கதைகளைத் தமிழாக்கி, றேடியோ நாடகம்போல மேடையில் பேசுவது. வேஷம் கிடையாது. சனிக்கிழமை பின்னேரங்களில் இருட்டடிப்புத் துணியால் யன்னல்களை மூடிவிட்டு, நடிப்பவர்கள் மைக்குக்கு முன்னால் நிற்பார்கள். சத்தங்கள் என் பொறுப்பு. தகரத்தை உலுக்கினால் இடி, சுளகில் பயறை உருட்டினால் மழை.

என் தங்கச்சி வெள்ளவத்தையில் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பித்தாள். நான் கூட இருப்பேன் என்பதால்தான் அப்பா அவளை நடிக்க விட்டார். கடலில் மூழ்கிச் செத்த மகள் மழைநாளொன்றில் வாசலுக்கு வந்து தாயைக் கூப்பிடும் கதையில் அவள்தான் மகள். "அம்மா, குளிருது. கதவைத் திறவுங்கோ" என்று அவள் மெல்லச் சொன்னால் மண்டபத்தில் ஒரு இருமல்கூடக் கேட்காது.

ஒருநாள் நாடகம் முடிந்து சாமான்களை எடுத்து வைத்துக்கொண்டிருந்தோம். கறுப்புச் சேலை உடுத்த நடுவயதுப் பெண்ணொருவர் மேடைக்குப் பின்னால் வந்தார். மாதா கோயிலுக்குப் பின்புறம் குடியிருப்பதாகவும், போன வருஷம் காய்ச்சலில் மகளைப் பறிகொடுத்ததாகவும் சொன்னார். பிறகு தங்கச்சியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மகள், ஒருக்கா எனக்கு மட்டும் 'அம்மா' எண்டு கூப்பிடுவீங்களோ? என்ட பிள்ளையும் இப்பிடித்தான் கூப்பிடுறவள்."

தங்கச்சி வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள். ஏலாது என்று தலையை ஆட்டினாள். அவர் கோபிக்கவில்லை. அவளுடைய கன்னத்தைத் தடவிவிட்டுப் போனார்.

பஸ்ஸில் வரும்போது, பயமாக இருந்தது என்றாள். கூப்பிட்டால், செத்த மகளே வந்துவிட்டாள் என்று அந்தத் தாய் நம்பிவிடுவாரோ என்ற பயம். சில நாள் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு தானாகவே வந்து, "அண்ணா, போய்க் கூப்பிட்டிட்டு வருவம். ஒரு சொல்தானே" என்றாள்.

விசாரித்து அந்த வீட்டைக் கண்டுபிடித்தோம். பூட்டியிருந்தது. கொழும்பில் குண்டு விழும் என்று சனம் வெளியேறிக்கொண்டிருந்த நேரம். அவர் மன்னார்ப் பக்கம் போய்விட்டார், எந்த ஊரென்று தெரியாது என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

தங்கச்சி அதன் பிறகு மேடையேறவில்லை. வேறொரு பெண் அந்தப் பாகத்தைப் பேசினாள். நன்றாகவே பேசினாள், சனமும் வந்தது. எனக்குத்தான் மனம் ஒட்டவில்லை. கொஞ்ச நாளில் நானும் விட்டுவிட்டேன்.

கூப்பிட்டிருக்கலாம் என்று தங்கச்சி இன்றைக்கும் சொல்வாள். அப்போது அவளுக்கு இருபது வயதுதான். அந்தத் தாய் அப்படிக் கேட்டபோது என்ன செய்வதென்று பக்கத்தில் நின்ற எனக்கும் தெரிந்திருக்கவில்லை.