நான் போட்ட மூடாக்கு

காரைக்கால் தருமபுரத்தில் எங்கள் வீட்டுக் கொல்லையில் கத்தரியும் தக்காளியும் வைத்திருக்கிறேன். வெயிலில் மண் காயாமலிருக்க மூடாக்குப் போட நினைத்தேன். கருவாட்டுக் கடையில், மூட்டைக்குள் கருவாட்டோடு வைத்துக் கட்டி வந்த பழைய வைக்கோலைக் கேட்டு வாங்கி, செடிகளைச் சுற்றிப் பரப்பினேன். மீன் வாடையே உரமாகும் என்று பெருமை வேறு.

நாலைந்து தடவை தண்ணீர் ஊற்றியதும் இலையோரமெல்லாம் கருகத் தொடங்கியது. பக்கத்து வீட்டு பாத்திமா மீன் கழுவிய தண்ணீரை எங்கள் வேலியோரம்தான் ஊற்றுவார். நேராகப் போய், "உங்க தண்ணிதான் என் செடிய சாகடிக்குது. இனிமே இங்க ஊத்தாதீங்க" என்றேன். அன்று முதல் அவர் மூட்டுவலியோடு தெருச் சாக்கடைவரை வாளியைத் தூக்கிப் போனார்.

ஒரு வாரம் கழித்து, அவர் வளர்க்கும் ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு எங்கள் கொல்லைக்குள் வந்துவிட்டது. செடியைத் தொடாமல் வைக்கோலையே நக்கிக்கொண்டிருந்தது. பிடிக்க வந்த பாத்திமா, "வைக்கோல்ல உப்பு இருக்கும் போலக்கா. அதான் விடமாட்டேங்குது" என்றார். ஒரு வைக்கோலை எடுத்து நாக்கில் வைத்தேன். கரித்தது. அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மன்னிப்புக் கேட்டேன். இப்போதெல்லாம் எந்த வைக்கோலையும் நாக்கில் வைத்துப் பார்க்காமல் செடிக்குப் போடுவதில்லை. தண்ணீரைப் பழையபடி வேலியோரமே ஊற்றச் சொல்லிப் பார்த்துவிட்டேன். "இருக்கட்டும்க்கா, பழகிடுச்சு" என்று சொல்லிவிட்டு, இன்னமும் அவர் வாளியோடு தெருவுக்குத்தான் போகிறார்.