சாவி போடாமல் அலறிய ஹாரன்

கிட்டுசாமிக்குத் தன் வண்டியை இன்னொருவர் தொட்டால் பிடிக்காது. அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் டெலிவரி வேலை. வெட்டிய துணிகளைக் கட்டாக பைக்கில் ஏற்றி, தைக்கும் யூனிட்டுகளில் கொண்டுபோய்ப் போடுவார். பல்லடம் ரோட்டில் லாரிகளுக்கு நடுவே ஓட்டியாக வேண்டும். அதனால் 2007-இல் பெரிய ஹாரன் ஒன்று வாங்கி, பேட்டரியிலிருந்து நேராக வயர் இழுத்துத் தானே மாட்டிக்கொண்டார். பியூஸும் வைத்தார்.

அந்த பியூஸ் அடிக்கடி போனது. மாற்றி மாற்றிச் சலித்துப்போய், ஒருநாள் அந்த இடத்தில் செம்புக் கம்பியை முறுக்கி வைத்துவிட்டார்.

ஆயில் மாற்றும்போது மெக்கானிக் சுரேந்தர் அதைப் பார்த்துவிட்டான்.

"அண்ணா, பியூஸ் போறது சீக்கில்லீங்க. எங்கியோ வயரு பாடியில உரசுது. டேங்கைக் கழட்டிப் பாக்கோணும். சாயங்காலம் வரைக்கும் வண்டிய உட்டுட்டுப் போங்க."

"சிப்மெண்ட் நேரம்ப்பா. வண்டி நின்னா சோலி நின்னுரும். அடுத்த வாரம் பாக்கலாம்."

அடுத்த வாரமும் சிப்மெண்ட்தான். மனைவி சுப்புலட்சுமி அதே கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தாள். காலையில் பின்னால் உட்கார்ந்து வரும்போது, "ஏனுங்க, ஏதோ தீயற வாசம் வருதுங்க" என்பாள்.

"சாயப்பட்டறை நாத்தம் புள்ள" என்று சொல்லிவிட்டு இன்னும் வேகமாக ஓட்டுவார். பிறகு அவர் மூக்குக்கும் எட்டியது. ரப்பர் கருகும் வாசம். நிறுத்தித் தொட்டுப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை.

ஒரு மத்தியானம், துணிக்கட்டு ஏற்றிய வண்டியை கம்பெனியின் வண்டி ஷெட்டில் நிறுத்திவிட்டு, எதிரே டீ குடிக்கப் போனார். ஹாரன் சத்தம் கேட்டது. நிற்காமல் கேட்டது. யாரோ விளையாடுகிறார்கள் என்றுதான் நினைத்தார். வாட்ச்மேன் வீரன் ஓடிவந்தார்.

"உங்க வண்டி தானா கத்துதுங்க! பக்கத்துல ஆருமே இல்லீங்க!"

சாவி கிட்டுசாமியின் சட்டைப் பையில் இருந்தது.

அவர் ஓடிச் சேர்வதற்குள் சத்தம் தேய்ந்து அடங்கியிருந்தது. டேங்குக்கு அடியிலிருந்து மெல்லிய புகை. ஷெட்டின் தகரத் தடுப்புக்கு அந்தப் பக்கம்தான் செக்கிங் ஹால். உள்ளே சுப்புலட்சுமியும் மற்ற பெண்களும் இருந்தார்கள்.

"அவங்கள வெளிய போகச் சொல்லுங்க!" என்று கத்தியபடி, பக்க மூடியைப் பிடுங்கி பேட்டரி வயரை இழுத்தார். உருகிய வயர் உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டது. அதற்குள் பெட்ரோல் குழாய் பற்றிவிட்டது. துணிக்கட்டு சட்டென்று எரிந்தது. பெண்கள் பின்வாசல் வழியாக ஓடினார்கள். வீரனும் மற்றவர்களும் மணலை அள்ளி அள்ளிக் கொட்டினார்கள். தகரம் கருத்ததோடு தீ அடங்கியது.

கருகிக் கிடந்த வண்டியின் ஹேண்டில் கழுத்தைச் சுரேந்தர் காட்டினான். "திருப்பத் திருப்ப இங்கதானுங்ணா உரசியிருக்கு. வயருக உருகி ஒண்ணோடொண்ணு ஒட்டித்தான் ஹாரன் தானா கத்தியிருக்கு. பியூஸ் இருந்திருந்தா அதோட போயிருக்கும்."

கிட்டுசாமியின் வலது கை அப்புறம் முழுதாக மடங்கவேயில்லை. அடுத்த வண்டி வாங்கியதும் நேராகச் சுரேந்தரிடம் கொண்டுபோய் வயரிங் முழுவதையும் பார்க்கச் சொல்லி, முடியும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

சுப்புலட்சுமி மட்டும் அதில் ஏறவில்லை. கம்பெனி வேனில் போனாள். பின்னால் அவர் வண்டி வருகிறதா என்று வழி நெடுக ஜன்னலில் பார்த்துக்கொண்டே போவாள்.