என் கை நீளத்துக்கு ஒரு துப்பாக்கி

இந்த நாட்டுக்கு வந்து பதினாறு வருஷம். எனக்குப் பிடித்திருக்கிறது என்பதற்காக ஒரு சாமான் வாங்கியதில்லை. எல்லாம் ரீசேலுக்காக வாங்கியது. கார் வெள்ளி நிறம், அதுதான் சீக்கிரம் விலைபோகுமாம். வீட்டுக்குக் கிழக்கு வாசல், நாளைக்கு வாங்க வருகிறவரும் நம்மவராகத்தான் இருப்பாராம். ரவுண்ட் ராக் ஊரில் எங்கள் தெரு முழுக்க இதே கதை. சமையலறைச் சுவருக்கு மாம்பழ மஞ்சள் அடிக்க ஆசைப்பட்டேன். மூச்சு விடக்கூடாது என்றுவிட்டார் என் கணவர்.

அவரை மட்டும் சொல்லிப் பிரயோஜனமில்லை. விசாவில் இருந்த காலம் அப்படி. வேலை போனால் இரண்டே மாதத்தில் எல்லாவற்றையும் விற்றுவிட்டு விமானம் ஏற வேண்டும். அந்தப் பயம் எங்கள் ரத்தத்திலேயே ஊறிவிட்டது.

போன வருஷம், இனி இங்கேயே தங்கலாம் என்று கிரீன் கார்டு வந்தது. என்ன வேண்டும், கேள் என்றார். வைர மூக்குத்தி கேட்பேன் என்று நினைத்திருப்பார். நான் துப்பாக்கி கேட்டேன்.

ஆபீஸ்காரர்களோடு ஒரு தடவை துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்குப் போனவள், அப்புறம் சனிக்கிழமை தவறாமல் போக ஆரம்பித்திருந்தேன். அங்கே வாடகைக்குக் கிடைக்கும் லீவர் ஆக்‌ஷன் ரைஃபிள்மேல் எனக்கு ஒரு கண். விசையைச் சுற்றியிருக்கும் வளையத்தைக் கீழே தள்ளி மேலே இழுத்தால் அடுத்த தோட்டா ஏறும். அந்தச் சத்தம் அவ்வளவு பிடிக்கும். ஆனால் நான் நாலடி பத்து அங்குலம். தோளில் பதியும் அதன் மரக்கட்டையோ ஆறடி ஆளுக்குச் செய்தது. கழுத்தை எக்கி எக்கிக் குறி பார்த்துச் சுட்டால் தோள் கன்றிப்போகும்.

துப்பாக்கிக் கடைக்காரர் இரண்டு வழி சொன்னார். கம்பெனியிலிருந்து வந்ததை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் என் கைக்குத் தக்கபடி கட்டையை அறுத்து, வளையத்தையும் சின்னதாக்கித் தருவார். ஆனால் அறுத்த சாமானைத் திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டார்.

கணவர் உடனே இர்விங்கில் இருக்கும் நண்பருக்கு போன் போட்டார். துப்பாக்கியைத் தொட்டே பார்க்காத அந்த மனிதர், கம்பெனி பீஸ்தான் பெஸ்ட் என்று ஸ்பீக்கரில் தீர்ப்பு சொன்னார்.

"கஸ்டம் பண்ணா நாளைக்கு எவன் வாங்குவான்? உன் சைஸுக்கு இந்த ஊர்ல யாரு இருக்கா?" என்றார் கணவர்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "நான் இருக்கேன்ல? யாரும் வாங்க வேணாம். நாம இனிமே எங்கயும் போகப்போறதில்லீங்க."

கடைக்காரர் டேப்பை எடுத்து என் முழங்கை மடிப்பிலிருந்து விரல் வரை அளந்தார். சென்னையில் பிளவுஸ் தைக்கக் கொடுத்த பிறகு என்னை யாரும் அளந்ததே இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. நிச்சயமாக அறுக்கலாமா என்று கடைக்காரர் கடைசியாகக் கேட்டார். அறுங்கள் என்றேன்.

மூன்று வாரம் கழித்து வாங்கப் போனோம். தோளில் வைத்தேன். கழுத்தை எக்க வேண்டியிருக்கவில்லை. கன்னம் தானாக மரத்தில் போய்ப் படிந்தது. அறுத்தெடுத்த இரண்டு விரல்கடைத் துண்டையும் கடைக்காரர் மேஜைமேல் வைத்திருந்தார். கணவர் அதை நைசாக எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"எதுக்குங்க அது?"

"இல்ல... என்னைக்காவது வித்தா, ஒட்டிக் குடுத்துடலாம்ல."

அவர் பையில் கைவிட்டு அதை எடுத்துக் கடைக் குப்பைத்தொட்டியில் போட்டேன். வரும் வழியில் பெயின்ட் கடை முன்னால் வண்டியை நிறுத்தச் சொன்னேன்.