லேட் என்று இருந்த வரிகள்

பொம்மிடியில் எங்கள் தெருவுக்கு நான் கம்ப்யூட்டர்காரம்மா. பெங்களூர் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன். பிரிண்டர் ஓடாவிட்டாலும், போனில் படம் வராவிட்டாலும் என் வாசலில்தான் வந்து நிற்பார்கள். இதெல்லாம் என் வேலை இல்லை என்று சிடுசிடுப்பேன். பிறகு செய்தும் கொடுப்பேன்.

என் உண்மையான வேலை, மலைபோலக் குவிந்து கிடக்கும் எழுத்துக்குள் வேண்டியதைத் தேடி எடுப்பது. அதற்கு ரெகுலர் எக்ஸ்பிரஷன் என்று ஒரு வித்தை இருக்கிறது. ஒரு குறிப்பிட்ட சொல்லைத் தேடுவதற்குப் பதிலாக, தேடுவது எந்த வடிவத்தில் இருக்கும் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். முதலில் ஆறிலிருந்து ஒன்பதுக்குள் ஓர் எண், பின்னால் இன்னும் ஒன்பது எண்கள், நடுவில் இடைவெளி இருந்தாலும் பரவாயில்லை என்று ஒரே வரியில் சொல்லிவிட்டால், ஆயிரம் பக்கத்தில் சிதறிக் கிடக்கும் போன் நம்பரெல்லாம் வரிசையில் வந்து நிற்கும். பிடித்ததை எடுக்கலாம், மாற்றலாம், அழிக்கலாம். பத்து வருடமாகியும் அந்தச் சந்தோஷம் எனக்குத் தீரவில்லை. கர்வம் என்றும் சொல்லிக்கொள்ளலாம், தப்பில்லை.

கடைவீதியில் மருந்துக்கடை வைத்திருக்கும் அண்ணன் வருடாவருடம் கண் முகாம் நடத்துவார். கண்ணில் புரை முற்றியவர்களைப் பஸ் வைத்து வெளியூர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, இலவசமாக ஆபரேஷன் செய்து கூட்டி வருவார்கள். இந்த முறை இரண்டு பஸ்ஸுக்கு இடம் கிடைத்திருந்தது. மூன்று வருடமாகப் பேர் கொடுத்துவிட்டுக் காத்திருந்தவர்களின் பட்டியலைப் பென்டிரைவில் எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

“இதுல உள்ளவங்கள்ல கொஞ்சம் பேரு தவறிட்டாங்கம்மா. போன வருசம் தெரியாம ஒரு வூட்டுக்குப் போன் பண்ணி, அப்பாவக் காலைல ஆறு மணிக்கு அனுப்பி வைங்கன்னு சொல்லிட்டோம். அந்தப் புள்ள போன்லயே ஓன்னு அழுதுடுச்சு. இந்த வருசம் அப்படி ஆவக்கூடாதுங்க. தவறுனவங்க பேருக்கு நேரா பசங்க லேட்டுன்னு போட்டுருக்காங்க. அத மட்டும் எடுத்துக் குடுத்துடுங்க.”

பட்டியலைத் திறந்தால் தலை சுற்றியது. ஆளுக்கு ஒரு வரி. பேர், கணவர் பேர் அல்லது அப்பா பேர், ஊர், வயது, போன் நம்பர் எல்லாம் ஒரே மூச்சில். எழுதிய கைகளோ பத்து. ஒருவர் லேட் என்று தமிழில் அடித்திருந்தார், இன்னொருவர் அடைப்புக்குறிக்குள் ஆங்கிலத்தில், மற்றொருவர் இரண்டே எழுத்தில் சுருக்கி. ஒன்றும் தப்பிவிடக் கூடாது என்று அத்தனை விதத்துக்கும் சேர்த்து ஒரு தேடல் வடிவம் எழுதினேன். அந்தச் சொல் எந்த வரியில் எங்கே இருந்தாலும் அந்த வரியையே தூக்கிவிடு. ஓட்டினேன். கண் மூடித் திறப்பதற்குள் அறுபத்து மூன்று வரிகள் காணாமல் போயின. அடேயப்பா, இத்தனை பேரா போய்விட்டார்கள் என்று ஒரு உச்சுக் கொட்டினேன். வயதானவர்கள்தானே என்று நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன். மருந்துக்கடை அண்ணன் டீயை இன்னும் வாயில் வைக்கவில்லை, அதற்குள் வேலை முடிந்துவிட்டது. அவர் அசந்துபோனதை ரசித்தேன்.

அந்தப் பட்டியலில் என் அத்தையும் இருந்தார், என் மாமியார். மாமா போய்ப் பதினோரு வருடம். அவர் பெற்ற மகன், என் கணவர், போய் நான்கு வருடம். வீட்டில் நாங்கள் இருவர்தான். அத்தைக்கு வலது கண் முழுக்கப் பால் மாதிரி வெளுத்துவிட்டது. இடது கண்ணை நம்பித்தான் அரிசியில் கல் பொறுக்குவார், நம்பி ஏமாறுவார், எனக்குப் பல்லில் கடிபடும்.

அடுத்த நாளிலிருந்து கடையில் இருந்து ஒவ்வொருவருக்காகப் போன் செய்து வந்தார்கள். “உங்களுக்கு வந்துச்சா அத்தை?” என்று ஒரு தடவை கேட்டேன். “வரும் வரும், ரெண்டாவது பஸ்ஸுல இருக்கும்” என்றார். சரி என்று மறுபடியும் லேப்டாப்புக்குள் தலையை விட்டுக்கொண்டேன். மூன்று வாரம் ஓடிவிட்டது.

முதல் பஸ் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஸ்டேஷன் ரோட்டிலிருந்து கிளம்பியது. என் கைவண்ணம் எப்படி இருக்கிறது என்று பார்க்க நானும் போனேன். வேட்டி கட்டிய பெரியவர்கள், மஞ்சள் பையோடு அம்மாக்கள், கூடவந்த மகன்கள், மகள்கள். ஒருவர் ஏறி, ஒருவர் இறங்கி, மறந்த ஆதார் அட்டைக்காக ஒருவர் வீட்டுக்கு ஓடி, ஒரே அமளி. சிரித்துக்கொண்டு நின்றிருந்தேன். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த அம்மாக்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே வந்தபோது ஏதோ உறுத்தியது. முதலில் என்னவென்று பிடிபடவில்லை.

எல்லோர் நெற்றியிலும் குங்குமம் இருந்தது. வீட்டுக்காரரோடு வந்திருந்த ஒரு கிறிஸ்தவ அம்மாவைத் தவிர, அத்தனை பேருக்கும். அறுபதையும் எழுபதையும் தாண்டிய பெண்கள் ஒரு பஸ் நிறைய, அதில் ஒருத்திகூடப் புருஷனை இழந்தவள் இல்லை. இது எந்த ஊரில் நடக்கும்?

ரோட்டோரத்துச் சிமெண்டுக் கட்டையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். போனில் பழைய பட்டியலைத் திறந்தேன். முதலில் கண்ணில் பட்டதே போதுமானதாக இருந்தது. ஒரு அம்மாவின் பேர், பக்கத்தில் க/பெ, அதாவது கணவர் பெயர், அடுத்து லேட், பிறகுதான் அந்த மனிதரின் பேர்.

செத்தவர் கணவர். நான் அழித்தது அவளை.

ஆண்களுக்கு அப்பா பேர்தான் போட்டிருந்தது. எழுபது வயது ஆளின் அப்பா இருக்கிறாரா போனாரா என்று யாரும் குறிப்பு எழுதுவதில்லை. பெண்டாட்டி செத்தவருக்கும் அவர் வரியில் ஒரு அடையாளமும் கிடையாது. இறந்த கணவனுக்கு மட்டும் அந்தச் சொல் தவறாமல் வந்து ஒட்டிக்கொள்கிறது. வேறு யாராவது இந்தத் தப்பைச் செய்திருந்தால் வாய்க்கு வந்தபடி திட்டியிருப்பேன். நானே தாலி இழந்தவள். என் கணவர் பேருக்கு முன்னால் அந்தச் சொல்லை எழுத மாட்டேன் என்று நான்கு வருடமாக ஒவ்வொரு படிவத்திலும் அடம்பிடிப்பவள். என் பிடிவாதத்தில், மற்றவர்கள் எழுதுவார்கள் என்பதே எனக்கு மறந்துவிட்டது. அழிக்கும் முன் அந்த வரிகளை ஒரு முறை படித்திருந்தால் போதும். முதல் பத்து வரி படித்திருந்தால்கூடப் போதும். களையெடுக்கப் போனவள் பயிரைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, வேகமாக முடித்தேன் என்று பெருமை வேறு பட்டிருக்கிறேன்.

அறுபத்து மூன்றில் உண்மையில் இறந்தவர்கள் இருபத்திரண்டு பேர். மற்ற நாற்பத்தொரு பேரும் உயிரோடு இருக்கிற பெண்கள்.

மருந்துக்கடை அண்ணனிடம் சொன்னபோது அவர் என்னைத் திட்டவில்லை. உடனே ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுக் கெஞ்சினார். இரண்டாவது பஸ்ஸில் இடம் இல்லை. ஒன்றரை மாதம் கழித்து மூன்றாவது பஸ் தருகிறோம் என்றார்கள். அந்த நாற்பத்தொரு பேரையும் நானே கூப்பிடுகிறேன் என்று ஏற்றுக்கொண்டேன். திட்டு வாங்கத் தயாராக, அன்று மத்தியானமே வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து ஆரம்பித்தேன்.

யாரும் திட்டவில்லை. இது எனக்கு இரண்டாவது அதிர்ச்சி. பக்கத்து வீட்டுக்கெல்லாம் போன் வந்து, தனக்கு மட்டும் வராமல் போனது அவர்களுக்குத் தெரியும். ஆனால் ஒருவர்கூடக் கடைக்குப் போய் ஏன் என்று கேட்கவில்லை. வத்தல்மலையிலிருந்து பேசிய ஒரு அம்மாவிடம் எனக்குப் பொறுக்காமல் கேட்டேவிட்டேன், “ஏம்மா, ஒரு வார்த்தை வந்து கேட்டிருக்கக் கூடாதுங்களா?”

“என்னத்தக் கேக்கறது சாமி? நல்ல காரியத்துக்கு எங்கள எங்க முன்னால கூப்புடறாங்க? இதுவும் அப்படித்தானாட்டம் இருக்குதுன்னு உட்டுட்டேன்.”

அது மிஷின் செய்த தப்பும்மா, நான் செய்த தப்பு என்று விளக்கினேன். “இருக்கட்டும் இருக்கட்டும்” என்று அவர் எனக்கு ஆறுதல் சொன்னார். போனை வைத்துவிட்டு அழுதேன்.

நாற்பது பேரிடம் பேசி முடித்தேன். மிச்சம் இருந்த ஒரு பேருக்குப் போன் தேவையில்லை. முன்பு பேர் பதிய உதவிக்குப் போனபோது அந்த வரியை முகாமில் அடித்தது நானே. மாமா பேருக்கு முன்னால் அந்தச் சொல்லைப் போட்டதும் நானே.

அத்தை சமையலறையில் அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்தார். நான் பேசியதெல்லாம் அவர் காதில் விழுந்திருக்கும். எதிரில் போய் உட்கார்ந்தேன்.

“உங்க பேரும் அதுல போயிடுச்சு அத்தை. நான்தான் அழிச்சிட்டேன்.”

“தெரியுமே” என்றார், காயிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“இப்ப நான் போன்ல பேசுனதக் கேட்டா தெரிஞ்சுகிட்டீங்க?”

“இல்ல. எனக்குப் போன் வல்லியேன்னு அப்பவே தெரிஞ்சுகிட்டேன். லிஸ்ட்டு போடறவ நீ. ஆபரேசன் பண்ணா பத்து நாளு பக்கத்துலயே இருந்து சொட்டு மருந்து உடணும். உனக்கோ லீவு குடுக்க மாட்டேங்கறாங்க. சம்பாரிக்கறதும் நீ ஒருத்திதான். அதான் நீயே என் பேர எடுத்துட்டயாட்டம் இருக்குதுன்னு இருந்துட்டேன்.”

“என்னைப் பத்தி அப்படியா நெனச்சீங்க?”

“தப்பா நெனைக்கல கண்ணு. நீ செஞ்சது சரின்னுதான் நெனச்சேன்” என்றார்.

மூன்று வாரமாக அந்த நினைப்போடுதான் எனக்கு வேளாவேளைக்குச் சோறு போட்டிருக்கிறார்.