அக்கா ஒருதரம்தான் கேட்டாள்

என் அலுமாரியின் மேல்தட்டில் சாம்பல் நிறக் கம்பளிக் காலுறை ஒன்று இருக்கிறது. ஒரு காலுக்கு மட்டும். யாழ்ப்பாணத்து வெயிலுக்குக் கம்பளிக் காலுறையா என்று சிரிப்பவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை. அதைப் பின்னியவள் என் அக்கா. ஒஸ்லோவில் தன் வீட்டுச் சோபாவில் எனக்கு முன்னால் இருந்து, ஊர்ப் புதினம் கேட்டுக்கொண்டே, நாலு ஊசிகளை மாற்றி மாற்றிப் பின்னினாள். "உன்ரை கால் சின்னனிலையும் ஐஸ் மாதிரித்தானே கிடக்கும்" என்றாள். அது உண்மைதான். ஒரே பாயில் படுத்த காலத்தில் என் கால் பட்டதும் அவள் துள்ளி எழும்புவாள்.

மாவட்டச் செயலகமான கச்சேரியில் என்னோடு வேலை செய்த சிலரையும் என்னையும் ஒரு பயிற்சிக்கு ஜெர்மனிக்கு அனுப்பினார்கள். அது முடிந்ததும் மற்றவர்கள் பாரிஸ் பார்க்கப் போனார்கள். நான் மட்டும் தனியாக அக்காவிடம் போனேன். சண்டைக் காலத்தில் நாட்டை விட்டுப் போனவளை அதற்குப் பிறகு இரண்டு முறைதான் பார்த்திருந்தேன். அத்தான் காலமாகிச் சில வருடங்களாகியிருந்தன. மகள் வடக்கே துரொண்ட்ஹெய்ம் நகரில் படித்துக்கொண்டிருந்தாள். ஞாயிறு தொடக்கம் புதன் காலை வரை, மூன்று நாள் நின்றேன். அக்கா வேலைக்குப் போகும் நேரத்தில் அவளுடைய பிரயாண அட்டையை வாங்கிக்கொண்டு ட்ராமில் ஏறி நகரம் முழுக்கத் தனியே அலைந்தேன். துறைமுகத்துக்கு மேலே உள்ள பழைய கோட்டை மதிலில் நெடுநேரம் இருந்தேன். கோட்டை என்றால் குண்டு பட்ட சுவர் என்று பழகிய கண்ணுக்கு, அங்கே ஒரு பொத்தல்கூட இல்லாதது பொய் மாதிரி இருந்தது. பின்னேரம் அக்காவிடம் அதைச் சொன்னபோது, "உனக்கு எங்கை போனாலும் ஊர்தான்" என்று கேலி செய்தாள்.

அவள் முதியோர் இல்லம் ஒன்றில் நீண்ட காலம் வேலை செய்தவள். பின்னக் கற்றதும் அங்கிருந்த கிழவிகளிடம்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நடந்ததைச் சிரிக்கச் சிரிக்கச் சொன்னாள். ஒரு கிழவியிடம் இன்னொரு உருளைக்கிழங்கு வைக்கவா என்று கேட்டிருக்கிறாள். அந்த அம்மா "நை, தக்" என்று மறுத்திருக்கிறார். அக்கா விடுவாளா? நம் வீட்டுப் பந்தி என்று நினைத்து, "சின்னத் துண்டுதானே" என்று சாப்பாட்டுக் கோப்பையில் வைத்துவிட்டாள். கிழவி அழுதுவிட்டாராம். பொறுப்பாளர் அவளைக் கூப்பிட்டு நிறுத்திச் சொல்லிக்கொடுத்தார். "இஞ்சை ஒராள் வேண்டாமெண்டால் வேண்டாம்தான் தம்பி. ரண்டாந்தரம் கேட்டால் அது மரியாதையில்லை. நானும் அப்பிடியே பழகிட்டன்" என்றாள். நானும் விழுந்து விழுந்து சிரித்தேன். காதால் கேட்டதை மனதில் போட்டுக்கொள்ளவில்லை.

புதன்கிழமை காலை என் பை கதவடியில் தயாராக இருந்தது. ஒரு காலுறை முடிந்திருந்தது. மற்றதில் நாலு விரல் அகலம்தான் ஏறியிருந்தது. அக்கா ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல், "வெள்ளிக்கிழமை வரைக்கும் நில்லன் தம்பி. மற்றதையும் முடிச்சுத் தந்துவிடுறன்" என்றாள். எனக்கு இன்னும் ஒரு கிழமை லீவு இருந்தது. பயணத் திகதியையும் மாற்றியிருக்கலாம். மனம் நிற்கத்தான் ஆசைப்பட்டது. ஆனால் வாய், "இல்லையக்கா, உங்களுக்கு ஏன் வீண் கரைச்சல்" என்றது. எங்கள் வீட்டில் அது பதிலே இல்லை. அதற்குப் பிறகுதான் கதையே தொடங்கும். "பேசாமல் இரு" என்று அவள் அதட்ட வேண்டும், நான் இழுக்க வேண்டும், அவள் பையைப் பிடுங்கி அறைக்குள் வைக்க வேண்டும். நான் காத்திருந்தேன். அக்கா சற்று நேரம் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு "சரி" என்று சொல்லி, முடிந்த ஒன்றை என் பையின் பக்க அறைக்குள் வைத்தாள்.

விமான நிலையத்து ரயிலில் எனக்குக் கோபம் கோபமாக வந்தது. கூடப்பிறந்தவனை இரண்டாந்தரம் நில் என்று சொல்ல மனம் வரவில்லையே, வெள்ளைக்காரியாகிவிட்டாளே என்று பொருமினேன். பொருமியதோடு நிற்காமல் ஊரில் நாலு பேரிடம் சொல்லியும் திரிந்தேன். அவள் தொலைபேசியில் எடுத்தால் வேலை என்று சொல்லிச் சுருக்கமாக வைத்தேன். இதை எழுதும்போது கை கூசுகிறது.

ஏழெட்டு மாதம் கழித்து அக்காவின் மகள், என் மருமகள், அழைத்தாள். அக்காவுக்குப் புற்றுநோய், கடுமை என்றாள். எப்போதிருந்து என்று கேட்டேன். "நீங்கள் வந்து நிண்ட கிழமைதான் மாமா. அந்த வெள்ளிக்கிழமைதான் டொக்டர் முடிவு சொன்னவர். அம்மா தனியத்தான் போனவ. எனக்கும் பிறகுதான் சொன்னவ."

காலுறைக்காக அவள் கேட்கவில்லை. டொக்டருக்கு முன்னால் பக்கத்துக் கதிரையில் ஒருவன் இருப்பதற்காகக் கேட்டாள். அன்றைக்கு அக்காவோடும் கதைத்தேன். ஊரில் மழையோ என்று கேட்டாள். ஓம் என்றேன். வெள்ளிக்கிழமையைப் பற்றி இருவரும் வாய் திறக்கவில்லை. எனக்கு விசா வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

இந்த வருடம் மறுபடியும் ஒஸ்லோவுக்குத் தனியே போனேன். அதே மூன்று நாள். மருமகளுக்குக் கரைச்சல் வேண்டாமென்று ரயில் நிலையத்தடியில் ஒரு சிறிய ஹோட்டலில் அறை எடுத்தேன். பட்டும் திருந்தாத பிறவி நான். அக்காவின் வீட்டில் இப்போது மருமகள் இருக்கிறாள். அதே சோபா. ஒரு துணிப்பையைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். உள்ளே மற்றக் காலுறை, குதிவரை பின்னிய பாதியில், ஊசிகளோடு அப்படியே இருந்தது. கடைசி மாதங்களில் கை நடுங்கி ஊசி பிடிக்க ஏலாமல் போய்விட்டதாம்.

மத்தியானம் ஆகிவிட்டது. "சாப்பிட்டிட்டுப் போங்கோவன் மாமா" என்றாள். "இல்லைப் பிள்ளை, நான் சாப்பிட்டிட்டுத்தான் வந்தனான்" என்றேன். காலையில் ஒரு துண்டுப் பாண் தின்றதுதான். அங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளை, இத்தோடு விட்டுவிடுவாள் என்று எழும்பினேன். அவள் குசினி வாசலில் தயங்கி நின்றாள். பிறகு, பாடமாக்கியதை ஒப்புவிப்பது போல, "மாமா, சாப்பிட்டிட்டுப் போங்கோ" என்றாள் மறுபடியும்.

நான் அவளைப் பார்த்தேன்.

"அம்மா ஆஸ்பத்திரியிலை சொன்னவ. மாமா முதல் வேண்டாமெண்டுதான் சொல்லுவார், ரண்டாந்தரமும் கேள் எண்டு. தான் ஒருக்காத்தான் கேட்டதாம்."

அந்தச் சோபாவில் திரும்ப இருந்து, வயது போன ஆம்பிளை என்ற வெட்கமில்லாமல் அழுதேன். பிறகு அவள் போட்ட சோற்றையும் மீன்குழம்பையும் சாப்பிட்டேன். அக்காவின் கைப்பக்குவம் அப்படியே இருந்தது.

இப்போது மேல்தட்டில் முடிந்த காலுறைக்குப் பக்கத்தில் அந்தப் பாதியும் ஊசிகளோடு கிடக்கிறது. என் மனைவி பள்ளிக்கூடத்தில் தையல் படிப்பிப்பவள், பின்னவும் தெரியும். மிச்சத்தைத் தான் முடித்துத் தரட்டா என்று ஒருநாள் கேட்டாள். வேண்டாம் என்றேன். என்னை அறிந்தவள், அதனால் சிரித்துக்கொண்டு இன்னொரு தரமும் கேட்டாள். அப்போதும் வேண்டாம் என்றேன். இந்த முறை நான் சொன்னது உண்மையாகவே வேண்டாம்தான்.